வெர்லின் ஸ்டோக்ஸ் கூரையைத் தட்டினான்

இரண்டாம் வளைவுக்குள் வண்டியை இறக்கியது ஹார்லன் ப்ரூயிட்டுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, உலகம் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்கண்ணாடி முழுக்க டயர் புகை. அவனுக்குப் பின்னால் வரவேண்டிய வண்டிகளெல்லாம் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தன. நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு துண்டு நேரத்தைக் காணோம்.

கால் தன் வேலையைப் பார்த்தது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தியது. வண்டி இன்னொரு தடவை சுற்றி, உள்பக்கப் புல்தரையில் சறுக்கி, வந்த திசையைப் பார்த்துத் தலைமாறி நின்றது. இஞ்சின் அணையவில்லை. சுவரில் படவில்லை, யார்மேலும் படவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எப்படியோ விலகிப் போயிருந்தார்கள். மஞ்சள் கொடி அசைந்தது. பந்தயம் நடைவேகத்துக்கு இறங்கியது.

"தம்பி?" என்றது காதிலிருந்த குரல். "டேய், பேசுடா."

"இருக்கேன்க்கா."

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன புல்லு மேயுற? கிளப்பு வண்டிய. ஊரே உன்னத்தான் வேடிக்கை பாக்குது."

குரல் டோரீனுடையது. ஹார்லனின் அக்கா. பார்வையாளர் மேடையின் தகரக் கூரைமேல், மற்ற ஓட்டுநர்களின் ஆட்களோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டாக் கார் என்னும் இந்தப் பந்தய வண்டியை ஓட்டுகிறவனுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. தோளையும் தலையையும் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் யார் வருகிறான் என்று மேலிருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. 'உள்ளே', 'வெளியே', பக்கத்தில் யாருமில்லாவிட்டால் 'காலி'. இந்த மூன்று சொல்லை நம்பித்தான் ஹார்லன் தன் வாழ்நாளை ஓட்டியிருந்தான். கட்டின பெண்டாட்டி சொன்னதை ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கேட்பான். அவள் இப்போது ராலே நகரத்தில் இன்னொருவனோடு குடித்தனம் நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். அக்கா 'காலி' என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஸ்டீயரிங்கை ஒடிப்பான்.

வண்டியைத் திருப்பித் தார்ப்பாதையில் ஏற்றினான். சக்கரம் ஒவ்வொரு உருளலுக்கும் தொப்புத் தொப்பென்று அடித்தது. சறுக்கியதில் டயர்கள் ஒருபக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தன. அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயத்தை அக்காவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. என்ன ஆச்சுக்கா, நான் ஏன் சுத்தினேன் என்று கேட்டால், உனக்கே தெரியாதாடா என்று அவள் கேட்பாள்.

தெரியாது. அதுதான் அவன் ஏப்ரலிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு திரிந்த நெருப்பு.

ஏப்ரலில் இதே மைதானத்தில், கடைசிச் சுற்றில், வெர்லின் ஸ்டோக்ஸ் பின்னாலிருந்து இடித்து அவனைச் சுவரில் ஏற்றினான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தபின் தலைவலி நின்றது, வாந்தி நின்றது, டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் டாக்டரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. நேரத்தில் ஓட்டை விழ ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூட பஸ்கள் பழுதுபார்க்கும் கொட்டகையில் அவனுக்கு வேலை. ஸ்பேனரை நட்டில் மாட்டுவான். அடுத்த கணம் பார்த்தால் நட்டு முறுக்கியாகியிருக்கும், முறுக்கியது யார் என்று தெரியாது. ஒரு ஞாயிறு சர்ச்சில் எல்லாரும் பாட்டுக்கு எழுந்து நிற்க, அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பின்வரிசைக் கிழவி தோளைத் தட்டி, "ராத்திரி நல்லா ஏத்தினியாக்கும்" என்றாள். குடிகாரன் என்று பேர் வாங்குவது அவனுக்கு அப்போது வசதியாக இருந்தது.

மாதத்துக்கு ஒன்று, இரண்டு. கண்மூடித் திறக்கும் நேரம். இதையெல்லாம் ஒரு நோய் என்று சொல்ல முடியுமா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங் பிடிக்கும்போது வந்ததில்லை, அதனால் வராது என்பது அந்த வக்கீலின் கட்சி.

இன்று காலை வண்டி முதலாளி டாலிவர், வாயில் சூரியகாந்தி விதையை மென்று தொலியைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி சொல்லியிருந்தார்: "ஹார்லன், சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. சீசன்ல கடைசி பந்தயம். இன்னிக்கு முழுசா ஓட்டிக் காட்டு. உன் உடம்பு பழையபடி இருக்குன்னு நான் என் கண்ணால பாத்துக்கறேன். பாத்துட்டா அடுத்த வருஷமும் நாப்பத்தொண்ணு உனக்குத்தான். இல்லன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதுதான். கோச்சுக்காத."

ஹார்லன் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டி கையை விட்டுப் போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் எண்ணிப் பார்த்தான். மஞ்சள் பஸ்கள் மிஞ்சும். வாடகை வீடு மிஞ்சும். சனி ஞாயிறு வரும் என்பதற்காகத்தான் அவன் மற்ற ஐந்து நாளும் எழுந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தவன், பாதிப் பந்தயம் தாண்டி இப்படிப் புல்லில் வந்து நின்றான். கொடி விழக் காரணமானவன் கடைசிக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அந்த டயரோடு கடைசியிலிருந்து எழும்புவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதைவிடக் கேவலம், தொட்டார் யாருமில்லாமல் தானாகச் சுற்றினான் என்று மேடை முழுக்கப் பார்த்திருக்கும். டாலிவரும் பார்த்திருப்பார்.

இந்த மைதானத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவன் சுற்றி நின்றால், அவனை இடித்தவன் தானாக முன்வந்து ஒத்துக்கொள்ளலாம். கொடிக்காரன் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது, ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு வண்டிக் கூரையை இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தட்டினால் தட்டியவன் கடைசிக்குப் போவான், சுற்றியவனுக்குப் பழைய இடம் கிடைக்கும். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. தட்டாதவனை யாரும் கட்டாயப்படுத்துவதும் கிடையாது. அவரவர் மனசாட்சியின் பாடு.

இன்று ஹார்லனுக்குப் பின்னால், நாலாவதாக வந்துகொண்டிருந்தவன் அதே வெர்லின் ஸ்டோக்ஸ். நாய் வாலைக்கூட நிமிர்த்திவிடலாம், வெர்லின் கையை ஜன்னலுக்கு வெளியே எடுக்கவைக்க முடியாது என்பது அங்கே வழங்கிய பேச்சு. ஏப்ரலில் ஹார்லனை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவன் தட்டவில்லை. கூட்டம் ஊளையிட்டது, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். இந்த வருஷம் புள்ளிக் கணக்கிலும் அவன்தான் முதல். இன்று முதல் ஐந்துக்குள் முடித்தால் போதும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மைதானத்தின் சாம்பியன் ஆவான். ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு பாதிக் கூட்டம் வந்திருந்தது.

ஹார்லன் வரிசையின் வாலைத் தேடி மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். மேடையிலிருந்து திடீரென்று ஒரு சத்தம் கிளம்பியது. ஊளையும் இல்லை, கைதட்டலும் இல்லை.

"டேய்..." என்றாள் டோரீன்.

"என்னக்கா?"

"வெர்லின் கூரையத் தட்டிட்டான்டா."

"யாரு?"

"வெர்லின்தான்டா. கைய வெளிய விட்டு, நல்லாக் கேக்கற மாதிரி ரெண்டு தட்டு. கொடிக்காரனே வாயப் பொளந்துட்டு நிக்கறான். உன் எடம் உனக்கு. மூணாவது. முன்னால போ, போ."

"அப்ப அவன் என்னை இடிச்சானாக்கா?"

ரேடியோ ஒரு நொடி கரகரத்தது.

"அவனே ஒத்துக்கிட்டான். இனிமே உனக்கென்ன? குடுத்தத வாங்கிக்கிட்டு ஓட்டு."

அவன் வாங்கிக்கொண்டான். அப்படி ஓர் ஆசையோடு! தூக்குமேடையில் ஏற்றினவனைத் தோளில் தட்டி, ஆள் மாறிப்போச்சு வீட்டுக்குப் போ என்றால் எப்படி இருக்கும்? இடித்திருக்கிறான். பின்னாலிருந்து இடித்திருக்கிறான். இடித்தால் தலை அதிரும், அதிர்ந்தால் ஒரு கணம் ஞாபகம் தப்பும். யாருக்கும் தப்பும். இது அந்த ஓட்டை இல்லை. ஸ்டீயரிங்கில் அது வராது என்று அந்த வக்கீல் சொன்னது சரிதான். ஹெல்மெட்டுக்குள் ஹார்லன் சத்தமாகச் சிரித்தான். தன்னை இடித்தவனுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஓட்டுநர் அந்த மைதானத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

பச்சைக் கொடி விழுந்தது.

சந்தோஷம் டயரை உருண்டையாக்குமா? ஆக்கவில்லை. வேகம் ஏற ஏற வண்டி பல்லைக் கிட்டிக்கவைக்கும்படி உதறியது. முதல் வளைவிலேயே ஒருவன் உள்ளே நுழைந்து தாண்டினான். அடுத்த சுற்றில் இன்னொருவன். பின்னாலிருந்த ஒரு சிவப்பு வண்டிக்காரன், ஞாயிற்றுக்கிழமையில் காட்டக்கூடாத விரலைக் காட்டிவிட்டுப் போனான். ஆறாவது இடம்.

"டயர் மாத்தக் கூப்பிடட்டுமான்னு டாலிவர் கேக்கறாரு," என்றாள் டோரீன்.

"உள்ள போனா கடைசிதான். வேணாம்னு சொல்லு."

"கை என்னடா ஆகுது?"

"கை நல்லாருக்குக்கா. இன்னிக்கு எல்லாமே நல்லாருக்கு."

உண்மையாகவே நன்றாக இருந்தது. உதறல் வளைவின் அடிப்பக்கத்தில்தான் அதிகம் என்று கண்டுபிடித்தான். மேலே, சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில், மற்றவர்கள் போகப் பயப்படும் இடத்தில், ரப்பர் படிந்து பாதை மெத்தென்றிருந்தது. அங்கே உதறல் அடங்கியது. ஏப்ரலில் அவன் தலையைப் பிளந்த அதே சுவர். அதை உரசாமல் உரசிக்கொண்டு போனான். மனதில் பயமே இல்லை. அவன் இடிபட்டவன், அவ்வளவுதான். நோயாளி இல்லை.

"உள்ள ஒருத்தன்... உள்ள... இன்னும் உள்ள... காலி."

ஐந்தாவது.

"முன்னால இருக்கறவன் வழுக்கறான். அவசரப்படாத. இப்பப் போ. காலி."

நாலாவது. விரல் காட்டிய சிவப்பு வண்டியை அவன் தாண்டும்போது, அக்கா விதிமுறைக்குப் புறம்பாக, "அவனுக்கு என் அன்பைச் சொல்லு" என்றாள். ஹார்லன் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒரு கணம் கோணியது. இடித்துத் தள்ளப்பட்ட மனிதன் தேய்ந்த டயரோடு திரும்பி வருகிறான் என்று கூட்டத்துக்கும் விளங்கிவிட்டது. கம்பிவேலி ஓரமாக எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றினார்கள். கடைசிச் சுற்றுக்கு வெள்ளைக் கொடி காட்டும்போது மூன்றாவதாக ஏறியிருந்த ஹார்லன், இரண்டாவதாக முடித்தான். முதலில் வந்தவன் இன்னும் ஐந்து சுற்று இருந்திருந்தால் தோற்றிருப்பான்; அவனே அதை ஒலிபெருக்கியில் ஒத்துக்கொண்டான்.

வண்டியை நிறுத்தி, வாரைக் கழற்றி, ஜன்னல் வழியே ஹார்லன் வெளியே வந்தபோது டாலிவர் அவன் முதுகில் போட்ட போட்டில் இருமல் வந்துவிட்டது.

"பாத்துட்டேன்யா! என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன்! சுத்தி நின்னவன், சப்பட்டை டயர வெச்சுக்கிட்டு இப்படி ஓட்டினா இனிமே நான் என்ன பாக்கணும்? அடுத்த வருஷம் நீதான். பேச்சு முடிஞ்சுது."

"சரிண்ணே," என்றான் ஹார்லன். கண் கலங்கியதை வியர்வை மறைத்தது.

டோரீன் கூரையிலிருந்து இறங்கி வந்து, பொரித்த இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியை அவன் கையில் திணித்தாள். "தின்னு" என்றாள். வழக்கமாக முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை அவன் செய்த தப்பையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் காதைப் புண்ணாக்குகிறவள், இன்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். களைப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் முடிவுப் பலகையைப் பார்த்தான். வெர்லின் ஒன்பதாவது. கடைசியிலிருந்து எழும்பி எழும்பி, அதற்கு மேல் முடியவில்லை. சாம்பியன் பட்டம் இன்னொருவனுக்குப் போயிருந்தது.

ஹார்லனுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிற்று. சந்தோஷமாக இருக்கிற மனிதனுக்குத் தாராளம் சுலபமாக வரும். "நான் போய் வெர்லினப் பாத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"எதுக்கு?" டோரீன் சட்டென்று திரும்பினாள். "அவங்கூட உனக்கென்ன பேச்சு?"

"ஒத்துக்கிட்டான்ல. ஒரு வார்த்தை சொல்லணும்ல."

"ஒண்ணும் சொல்ல வேணாம். வா, வீட்டுக்குப் போலாம்."

அவன் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு போகும்போது பின்பம்பரைக் குனிந்து பார்த்தான். ஏன் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. வெள்ளைப் பூச்சில் தூசி மட்டும் படிந்திருந்தது. வெர்லினுடைய வண்டி கறுப்பு. கறுப்புத் தீற்றல் ஒன்றையும் காணோம். பம்பரோடு பம்பர் முட்டினால் தடம் விழாது என்று சொல்லிக்கொண்டு நடந்தான். நடை கொஞ்சம் வேகமாயிற்று.

பந்தய வண்டியை ஏற்றிச் செல்லும் வெர்லினுடைய டிரெய்லர் மைதானத்துக் கடைக்கோடியில், பைன் மரங்களுக்கு அடியில் நின்றது. அவனிடம் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் அந்த இடம் எப்போதும் அவனுக்கென்றே காலியாகக் கிடக்கும். பட்டம் போன வீட்டில் இழவு விழுந்தமாதிரி இருக்கும் என்று ஹார்லன் எதிர்பார்த்திருந்தான். வெர்லின் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"ரெண்டாவதா? நல்லா ஓட்டின. மேல அந்தச் சுவரோரமா எவனும் போகமாட்டான்."

"நன்றி சொல்லலாம்னு வந்தேன்," என்றான் ஹார்லன். "தட்டினதுக்கு. உனக்குப் பட்டமே போயிருச்சு. இடிச்சிட்டு, அதை ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்."

வெர்லின் டிரெய்லர் பக்கம் ஒருதரம் பார்த்தான். வேறு யாருமில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"நான் உன்ன இடிக்கல ஹார்லன்."

"என்னது?"

"தொடவே இல்ல. அரை வண்டி இடைவெளி இருந்துச்சு. நீ வளைவுக்குள்ள போன, ஆனா திருப்பவே இல்ல. நேரா சுவரப் பாத்துப் போயிட்டிருந்த. டயர்தான் வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரேயடியா ஒடிச்ச பாரு, பின்பக்கம் வீசிருச்சு." உள்ளங்கையால் காற்றில் அதைக் காட்டினான். "என்ன ஆச்சு, ஸ்டீயரிங் மாட்டிக்கிச்சா?"

ஹார்லனுக்கு வாயிலிருந்த ரொட்டி கல்லாகிவிட்டது.

"பின்ன ஏன் தட்டின?"

"ஏப்ரல்ல தட்டல, அதுக்குத்தான்." வெர்லின் கடலைத் தோலைக் கீழே போட்டான். "ஏப்ரல்ல நான் உன்ன வேணும்னுதான் இடிச்சேன். சும்மா தள்ளி விடலாம்னுதான் பாத்தேன், நீ அப்படிப் போய் அடிப்பேன்னு நெனக்கல. உன்னத் தூக்கிட்டுப் போறப்ப கைய வெளிய விடணும்னு தோணுச்சு. விடல. ஒரு கோப்பைக்காக. அத வீட்டுல வெச்சிருக்கேன், என் பொண்டாட்டி அதுமேல துணியப் போட்டு மூடிட்டா. இன்னிக்கு நீ புல்லுல தலைமாறி நிக்கறதப் பாத்தேன். மறுபடியும் அந்த எடத்துல, மறுபடியும் நாந்தான் பின்னால. கை தன்னால வெளிய போயிருச்சுப்பா."

சொல்லி முடித்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அந்த மனிதனுக்குச் சிரிக்கத் தெரியும் என்றே மைதானத்தில் யாருக்கும் தெரியாது.

"பட்டம் போனாப் போகுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசா இருக்கு." கையை நீட்டினான். ஹார்லன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வது? தன் பாவத்துக்கு ஒருவன் கொடுக்க முடிந்ததிலேயே பெரிய பரிகாரத்தைக் கொண்டுவந்து கையில் வைக்கிறான். வாங்குகிறவன் அதிலேயே செத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றான் வெர்லின். "கேட்டா சந்தோஷப்படுவேன்னு நெனச்சேனே."

"சந்தோஷம்தான்," என்றான் ஹார்லன். "நமக்குள்ள இனிமே ஒண்ணுமில்ல வெர்லின். எல்லாம் சரியாப் போச்சு."

டிரெய்லரை விட்டுத் திரும்பி நடந்தான். வளைவில் நேராகச் சுவரைப் பார்த்துப் போயிருக்கிறான். அக்காவின் குரல் காதில் இருந்திருக்கும். கேட்டவன் யாருமில்லை. அப்புறம் அதே சுவரை ஒட்டி, ஒரு சாணில், சிரித்துக்கொண்டு சுற்றியிருக்கிறான். பக்கத்திலேயே எத்தனை பேர் வீட்டில் பெண்டாட்டி பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்! வெள்ளிக்கிழமை பிரேக் சரிசெய்த பள்ளிக்கூட பஸ் ஒன்றை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அன்று பஸ் காலியாகத்தான் இருந்தது. அந்தச் சாலை காலியாக இல்லை. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, தின்றதைக் கக்கினான்.

டாலிவரின் ஆட்கள் பந்தய வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டோரீன் ஹார்லனுடைய பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து ஹெட்செட் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"சொல்லிட்டானா?"

"நீ பாத்தியாக்கா?"

"பாக்காம? மேல நின்னது வேற எதுக்கு? ஒரு ஆளே நடுவுல நடந்து போகலாம், அவ்வளவு எடம் இருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டா. நீதான கை தவறின? கை தவறினது உனக்குத் தெரியாமலா இருக்கும்? வெர்லின் புண்ணியத்துல எடம் கெடச்சிருச்சு, நீ தெரிஞ்சேதான் கமுக்கமா வாங்கிக்கறேன்னு..." அவள் நிறுத்திக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. "இடிச்சானான்னு எங்கிட்ட கேட்டியே. நடிக்கலையா நீ? நெசமாவே உனக்குத் தெரியலையா?"

ஹார்லன் தரையைப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?"

"ஏப்ரல்லேர்ந்து. எப்பவாவதுதான் வரும்."

டோரீன் அடித்தாள். கன்னத்திலோ தோளிலோ, எங்கே விழுகிறது என்று பார்க்காமல், வயர் சுற்றிய கையாலேயே அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

"அறுபது சுத்துடா! நீ புல்லுல நின்னதுக்கப்புறம் அறுபது சுத்து, காலி, காலின்னு சொல்லிட்டிருந்தேனே. யாருக்குடா சொல்லிட்டிருந்தேன்? நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன்க்கா. அப்ப இருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எப்படித் தெரியும்?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவள் அழுது அவன் பார்த்ததில்லை. அம்மாவைப் புதைத்த அன்றுகூட வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள்.

டாலிவர் விதைத்தொலிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துசேர்ந்தார். அழுகையை அவர் ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். "அழு தாயி, நல்லா அழு. இந்தப் பய அப்படித்தான ஓட்டினான். ஹார்லன், பிப்ரவரியில புது வண்டி கட்டறோம். உன் உடம்புக்கு அளவெடுத்து சீட் போடணும், புதன்கிழமை பட்டறைக்கு வந்துரு."

டோரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இந்த ஒன்றை அவன்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

சொல்லாமலும் விடலாம். இந்த நிமிஷத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வைத்தியம் பார்க்கலாம், குளிர்காலம் முழுக்க இருக்கிறது, பிப்ரவரிக்குள் சரியாகிவிடலாம். அந்த வக்கீல் மறுபடி எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"வேற ஆளப் பாருங்கண்ணே," என்றான் ஹார்லன்.

டாலிவர் சிரித்தார். "ரெண்டாவது வந்தவன் பேசற பேச்சா இது?"

"தலை சரியில்லண்ணே. ஏப்ரல்லேர்ந்து சரியில்ல. நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன். இனிமே என்ன வண்டியில ஏத்தாதீங்க. நானே வந்து கெஞ்சினாலும் ஏத்தாதீங்க."

கிழவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு விதைக் கோப்பையை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு, வலதுகையை ஹார்லனின் தோளில் வைத்தார். கொஞ்சநேரம் வைத்திருந்தார். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரிப்பக்கம் போனார். அங்கே ஆட்களிடம் அவர் ஏதோ சொல்வதும், அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது.

மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. வெயில் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. வெர்லினுடைய டிரெய்லர் அவர்களைத் தாண்டிப் போகும்போது, அவன் ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டி, பழைய சிநேகிதனைப்போலக் கையசைத்தான். ஹார்லனும் அசைத்தான். அந்த மனிதனின் ஞாயிற்றுக்கிழமையாவது நன்றாக முடியட்டும்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தான். பதினாறு வயதில் உரிமம் வாங்கிய நாளிலிருந்து, தான் இருக்கும் வண்டியில் இன்னொருவரை ஸ்டீயரிங் பிடிக்க விட்டதில்லை. கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து வீட்டுக்குக்கூட மாப்பிள்ளைதான் ஓட்டினான். ஒருதரம் கொடுடா, ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று டோரீன் கேட்கும்போதெல்லாம், நீ கூரைமேல நின்னு கத்தறதோட சரி என்று விரட்டிவிடுவான்.

சாவியை அவளிடம் நீட்டினான்.

ஏன் என்று அவள் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான். கை வலிக்கிறது என்றோ, தூக்கம் வருகிறது என்றோ சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு போய், கதவைத் திறந்து உட்கார்ந்து, தன் காலுக்கு எட்டும்படி சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.